ஸ்காலர்ஷிப் தேட கூகுளைத் திறப்பதற்கு முன்னால்

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான். பிளஸ் டூ ரிசல்ட் வரும், அடித்துப் பிடித்து ஒரு காலேஜில் இடம் வாங்குவார்கள், அம்மாவின் வளையலை அடகு வைத்து முதல் தவணை கட்டுவார்கள், அதற்கப்புறம் ஒரு நாள் யாரோ சொன்னார்கள் என்று கூகுளில் 'ஸ்காலர்ஷிப்' எனத் தட்டிப் பார்ப்பார்கள். நூற்றுக்கணக்கில் வந்து விழும். பாதிக்குக் கடைசித் தேதி முடிந்திருக்கும், மீதியில் பாதி வேற்று மாநிலத்துக்காரர்களுக்கு. சலித்துப்போய் 'இதெல்லாம் சிபாரிசு இருக்கிறவங்களுக்குத்தான்' என்று சொல்லிவிட்டு மூடிவிடுவார்கள்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட உதவி செய்துவருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: மார்க் போதாமல் உதவித்தொகை கைநழுவுகிறவர்களைவிட, பேப்பர் சரியில்லாமல் நழுவவிடுகிறவர்கள்தான் அதிகம். அதனால் நீங்கள் இப்போது பிளஸ் டூவில் இருந்தால், தேர்வுக்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்காக ஒதுக்கிவிடுங்கள்.

முதல் வேலைக்கு இன்டர்நெட் வேண்டாம், ஒரு வெள்ளைத்தாள் போதும். அதில் உங்களைப் பற்றி எழுதுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி, அது அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியாரா, தமிழ் வழியா. என்ன சாதிப் பிரிவு, அதாவது சான்றிதழில் இருக்கும் பிரிவு. அப்பா அம்மா இருவர் வருமானமும் சேர்த்து வருடத்துக்கு எவ்வளவு. வீட்டில் யாராவது டிகிரி முடித்தவர்கள் உண்டா, தாத்தா பாட்டி உட்பட. அப்பா என்ன வேலை, அம்மா என்ன வேலை, அவர்களிடம் ஏதாவது நலவாரிய அட்டை இருக்கிறதா. பெற்றோரில் ஒருவர் இல்லையா, மாற்றுத்திறனாளியா, ராணுவத்தில் இருந்தவர் பிள்ளையா. கடைசியாக, என்ன படிக்கப் போகிறீர்கள். இந்தத் தாளில் இருக்கிற அநேகமாக ஒவ்வொரு வரிக்கும் ஏதோ ஒரு திட்டம் இருக்கிறது. பெயர் தெரியாமல் தேடுவதால்தான் கிடைப்பதில்லை.

உதாரணத்துக்கு, அரசுப் பள்ளி என்ற ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு அதே தொகை தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் 2024 ஆகஸ்டிலிருந்து. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இரண்டும் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளியும் இதற்கு அரசுப் பள்ளிதான், அதில் சந்தேகம் வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்த பெண்களும் புதுமைப் பெண் வாங்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை. தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. விண்ணப்பம் காலேஜ் வழியாகத்தான் போகும், அங்கே உங்களுக்கு யூமிஸ் எண் (கல்லூரி மாணவருக்கான அரசுப் பதிவு எண்) போடுவார்கள், பள்ளியில் அதேபோல் கொடுத்த எமிஸ் எண்ணை அதோடு ஒத்துப் பார்ப்பார்கள். பள்ளியை விட்டு வரும்போதே எமிஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.

அதே ஒரு வரியில் இன்னொரு பெரிய விஷயம், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற படிப்புகளில் 2021-லும் வந்தது. இதில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் வரை அரசே ஏற்கும். இதைவிடப் பெரிய ஸ்காலர்ஷிப்பை நீங்கள் எங்கே போய்த் தேடப் போகிறீர்கள்? ஆனால் கலந்தாய்வு வழியாக வந்தால்தான். 'கவுன்சலிங்குக்கெல்லாம் காத்திருக்காதீங்க, இப்பவே சீட் கன்பார்ம்' என்று ஏப்ரலிலேயே போன் போட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் இழுக்கிறவர்களிடம் முன்பணம் கட்டினால் இந்தச் சலுகை போய்விடும்.

முதல் பட்டதாரி சலுகையும் அப்படித்தான். குடும்பத்திலேயே நீங்கள்தான் முதல் டிகிரி என்றால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் தொழிற்கல்வி இடம் வாங்குபவர்களுக்குக் கல்விக் கட்டணத்தில் பெரிய தொகை கழியும். வருமான வரம்பு கிடையாது என்பது இதன் சிறப்பு. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்கு இல்லை. மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கும் இல்லை.

சாதிப் பிரிவு வரியில்: ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ மதம் மாறிய ஆதிதிராவிடர் மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாவதுக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு அந்தந்த நலத்துறை தருகிறது. இரண்டுக்கும் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்கு நீங்களாகப் பெரிதாக ஓட வேண்டியதில்லை, காலேஜ் ஸ்காலர்ஷிப் செக்‌ஷனில் அறிவிப்பு வரும், ஆனால் நோட்டீஸ் போர்டைப் பார்க்கிற பழக்கம் வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி. மாதிரி மத்திய நிறுவனத்தில் சேர்கிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கு மாநில அரசு ஆண்டுக்கு 2 லட்சம் வரை தரும், அதே வருமான வரம்புதான். ஐ.ஐ.டி.யிலேயே எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் கிடையாது. மற்றவர்களில் குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் முழுக் கட்டணமும், 5 லட்சத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கும் தள்ளுபடி. கிண்டி பக்கம் பஸ்ஸில் போகும்போது 'நமக்கெல்லாம் கட்டுப்படியாகாது' என்று ஐ.ஐ.டி. மதில் சுவரைப் பார்த்து நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கலை அறிவியல் படிக்கப் போகிற சென்னை, அதன் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டம். 2010-11 முதல் நடக்கிறது. அதன் கீழ் உள்ள கல்லூரிகளில் ஏழை மாணவர்களுக்குக் கட்டணமில்லாமல் சில இடங்கள். பெற்றோர் இல்லாதவர்கள், கணவரை இழந்த தாயின் பிள்ளைகள், முதல் தலைமுறையாகப் படிக்க வருகிறவர்கள் ஆகியோருக்கு முன்னுரிமை. ரிசல்ட் வந்த சூட்டோடு விண்ணப்பிக்க வேண்டும், அசந்தால் போச்சு. மே மாதம் முழுக்கப் பல்கலைக்கழக இணையதளத்தில் ஒரு கண் இருக்கட்டும்.

அப்பா அம்மா வேலை என்று எழுதச் சொன்னேனே, அதை யாரும் கண்டுகொள்வதில்லை. கட்டுமானத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், வீட்டு வேலை, தையல் என்று தனித்தனி நலவாரியங்கள் இருக்கின்றன, உறுப்பினரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி தருகின்றன. தொகை பெரிதாக இருக்காது, புத்தகச் செலவுக்கு ஆகும். அப்பாவின் அட்டை புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்; பீரோவுக்குள் காலாவதியாகிக் கிடக்கும். கம்பெனியிலோ கடையிலோ வேலை பார்க்கிறவர் என்றால் சம்பளத்தில் தொழிலாளர் நல நிதி என்று வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தால் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இருக்கும் தொழிலாளர் நல வாரியத்தில் பிள்ளைக்கு உதவித்தொகை கேட்கலாம். முன்னாள் ராணுவத்தினர் பிள்ளைகளுக்குப் பிரதமர் உதவித்தொகை, பெண்ணுக்கு மாதம் 3,000, பையனுக்கு 2,500.

சரி, இப்போது மத்திய அரசின் தேசிய உதவித்தொகை இணையதளம், எல்லாரும் என்.எஸ்.பி. என்று சொல்வது. இங்கே பொதுவாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, மார்க் அடிப்படையிலான கல்லூரி உதவித்தொகை: உங்கள் போர்டில் மேலே இருக்கும் 20 சதவீத மாணவர்களுக்குள் வர வேண்டும், குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள், ஆண்டுக்கு 12,000 ரூபாய், பட்டப்படிப்பின் முதல் மூன்று வருடங்களுக்கு. டிப்ளமோவுக்கு இல்லை. இதில் 80 என்று பார்த்துவிட்டு 80 சதவீத மார்க் என்று எண்ணிப் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது பெர்சென்டைல், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எண்பது பேரைவிட மேலே இருப்பது; உங்கள் பாடப் பிரிவில் கட் ஆஃப் எவ்வளவு என்று போர்டு தனியாக அறிவிக்கும். இரண்டாவது பிரகதி. தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அங்கீகாரம் உள்ள இடத்தில் இன்ஜினியரிங் அல்லது டிப்ளமோ முதல் வருடம் சேர்கிற பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000. வருமான வரம்பு 8 லட்சம், அதனால் மாதச் சம்பளக்காரர் வீட்டுப் பெண்களும் வரலாம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளிகளுக்கு சக்ஷம், பெற்றோர் இல்லாதவர்களுக்கு ஸ்வநாத், இரண்டும் அதே 50,000. இதில் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்பதால், பொறியியல் சேரும் பெண் 12,000-க்கு விண்ணப்பித்துவிட்டு 50,000-ஐ விட்டுவிடக் கூடாது. புதுமைப் பெண் வாங்கிக்கொண்டே வேறு உதவித்தொகையும் வாங்கலாம் என்று மாநில அரசு சொல்கிறது. ஆனால் மத்தியத் திட்டங்களில் வேறு உதவி வாங்கக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும், விதிமுறைகளை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

பேப்பர் விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும்.

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது. ஒவ்வொன்றுக்கும் 60 ரூபாய். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று மேலே போய்த்தான் கையெழுத்தாகி வரும். ரிசல்ட் வந்த வாரத்தில் ஊரே அங்கே நிற்கும், சர்வர் படுத்துவிடும், விசாரணைக்கு ஆள் கிடைக்காது. பிளஸ் டூ கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு போய் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலி கிடையாது. சென்னையில் வாடகை வீடு, ரேஷன் கார்டோ சொந்த ஊர் விலாசத்தில் என்றால் இழுபறி நிச்சயம், அதை முன்பே சரிசெய்யுங்கள். வருமானச் சான்றிதழில் உண்மையான தொகை இருக்கட்டும். ஒரு விண்ணப்பத்தில் 72,000, இன்னொன்றில் 1,20,000 என்று இருந்தால் இரண்டும் தள்ளுபடியாகும்.

அப்புறம் பெயர். நம் ஊர் இனிஷியல் படுத்துகிற பாடு கொஞ்சநஞ்சமில்லை. கார்த்திகா என்று ஒரு பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம், அப்பா பெயர் சுந்தரம். மார்க் ஷீட்டில் 'கார்த்திகா எஸ்', ஆதாரில் 'எஸ். கார்த்திகா', வங்கிக் கணக்கில் 'கார்த்திகா சுந்தரம்', சாதிச் சான்றிதழில் வெறும் 'கார்த்திகா'. வீட்டில் எல்லாருக்கும் இது ஒரே பெண், கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். பிளஸ் டூ மார்க் ஷீட்டில் எப்படி இருக்கிறதோ அதையே அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அதற்கு மாற்றுங்கள். ஸ்பெல்லிங்கில் ஒரு 'எச்' கூடினாலும் விடாதீர்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்ற முடியும், பிறந்த தேதியை ஒரே தடவை, அதனால் அவசரத்தில் தப்பாக மாற்றிவிட வேண்டாம். 15 வயதில் செய்ய வேண்டிய கைரேகை, போட்டோ புதுப்பிப்பை முடித்தீர்களா? 17 வயதுக்குள் அது இலவசம். என்.எஸ்.பி.யில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டியிருக்கும், ஐந்து வயதுப் போட்டோவோடு உங்கள் முகம் ஒத்துப்போகாது.

வங்கிக் கணக்கு மாணவரின் பெயரில் இருக்க வேண்டும். அப்பாவுடன் சேர்ந்த கணக்கு வேண்டாம். ஆதாரை 'லிங்க்' செய்துவிட்டோம் என்று வங்கியில் சொன்னால் நம்பிவிட்டு வராதீர்கள், ஏனென்றால் கணக்கில் ஆதார் எண் இருப்பது வேறு, அரசுப் பணம் இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று வங்கிகளுக்கிடையே பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்.பி.சி.ஐ.யில் பதிவாவது வேறு. இரண்டாவதுதான் நமக்குத் தேவை. ஆதார் இணையதளத்தில் உள்ளே போனால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும், எந்த வங்கி, ஆக்டிவா இல்லையா என்று காட்டும். ஒரு ஆதாருக்கு ஒரு கணக்குதான், கடைசியாகப் பதிவானதே செல்லும். பள்ளியில் முன்பு திறந்துகொடுத்த கணக்கில் பதிவாகி, அது செயலற்றுக் கிடந்தால் பணம் அந்தப் பக்கம் போய்த் திரும்பிவிடும். புதுக் கணக்கு வேண்டுமென்றால் தபால்காரரிடம் கேளுங்கள், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில் ஆதாரோடு சேர்த்தே திறந்துவிடுவார்.

பிரவுசிங் சென்டரில் போய் விண்ணப்பிப்பது தப்பில்லை, ஆனால் மொபைல் நம்பரும் இமெயிலும் உங்களுடையதாக இருக்க வேண்டும். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று கடைக்காரர் தன் இமெயிலையே போட்டுவிடுவார். அடுத்த வருடம் ரினியூவலுக்கு பாஸ்வேர்டு தெரியாது, கடையையே காலி செய்திருப்பார். அம்மாவின் நம்பரைக் கொடுத்தால் அந்த சிம்மை நான்கு வருடம் உயிரோடு வைத்திருங்கள். என்.எஸ்.பி.யில் ஒருமுறைப் பதிவு என்று 14 இலக்க எண் ஒன்று தருவார்கள், படிப்பு முழுக்க அதேதான். மொபைலில் மட்டும் வைக்காமல் டைரியில் எழுதி வையுங்கள்.

தனியார் பக்கம் பார்த்தால், ரிலையன்ஸ் அறக்கட்டளையின் இளநிலை உதவித்தொகை பெரியது: பிளஸ் டூவில் 60 சதவீதம், குடும்ப வருமானம் 15 லட்சத்துக்குள், முதல் வருடம் சேர்ந்தவர்கள், ஆன்லைனில் ஒரு திறனறித் தேர்வு, படிப்புக்காலம் முழுதும் சேர்த்து 2 லட்சம் வரை. குறைந்த வருமானக்காரர்களுக்கு முன்னுரிமை. எந்தப் படிப்பானாலும் சரி, முயன்று பாருங்கள். அறிவியல் படிக்கும் பெண்களுக்கு லோரியால் தருவது இருக்கிறது. சென்னையிலேயே அகரம், மாற்றம் போன்ற அறக்கட்டளைகள் படிக்க வைக்கின்றன. அகரம் போன்ற இடங்களில் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை, தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து நிலைமையைப் பார்ப்பார்கள். கம்பெனிகள் தரும் உதவித்தொகைகளை ஒரே இடத்தில் பார்க்க பட்டி ஃபார் ஸ்டடி (Buddy4Study) என்ற தளம் உதவும். சேரப் போகும் காலேஜில் முன்னாள் மாணவர் சங்கம் ஏதாவது தருகிறதா என்று அட்மிஷன் அன்றைக்கே ஆபீசில் கேட்டுவிடுங்கள். பழைய கல்லூரிகளில் அறக்கட்டளைப் பணம் இருக்கும், அதை யாரும் தம்பட்டம் அடிப்பதில்லை.

இந்தத் தனியார் விண்ணப்பங்களில் 'உங்களைப் பற்றி எழுதுங்கள்' என்று ஒரு கட்டம் வரும். எல்லாரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள்: நான் ஏழைக் குடும்பம், கஷ்டப்பட்டுப் படிக்கிறேன், சமுதாயத்துக்குச் சேவை செய்வேன். படிக்கிறவருக்கு இருநூறாவது தடவை இதைப் படிக்கும்போது கண் நிற்காது. காசிமேட்டுப் பையன் இப்படி எழுதலாம்: "அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதம் வீட்டில் வருமானம் மிகக் குறைவு, காலேஜ் அட்மிஷன் பீஸ் கட்ட வேண்டியதும் அதே இரண்டு மாதத்தில்தான். முதல் தவணைக்கு இந்த உதவி கிடைத்தால் வட்டிக்கு வாங்காமல் சேர்ந்துவிடுவேன்." இதில் அழுகை இல்லை, ஏன் பணம் வேண்டும், எப்போது வேண்டும் என்பது தெரிகிறது. இங்கிலீஷில் எழுதச் சொன்னால் முதலில் தமிழில் எழுதிவிட்டு, அப்புறம் சின்னச் சின்ன வாக்கியமாக மாற்றுங்கள். ஏ.ஐ.யிடம் கொடுத்து எழுத வைத்தால் மறுபடியும் அந்தச் சமுதாய சேவைதான் வரும்.

ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து போலி அழைப்புகளும் வரும். கல்வித்துறையிலிருந்து பேசுகிறோம், உங்கள் மகளுக்கு உதவித்தொகை ஒதுக்கியாகிவிட்டது என்பார்கள், பள்ளியின் பெயரைக்கூடச் சரியாகச் சொல்வார்கள், வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். ஸ்கேன் செய்து பின் நம்பர் போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகுமே தவிர வராது. உதவித்தொகைக்கு 'ப்ராசஸிங் பீஸ்' கேட்டாலும், ஓ.டி.பி. கேட்டாலும் போனை வையுங்கள். அரசுத் தளம் என்றால் முகவரி பெரும்பாலும் 'ஜிஓவி டாட் இன்' (gov.in) என்று முடியும். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள், சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது. பெற்றோரிடம் இதை இப்போதே சொல்லி வையுங்கள், போனை எடுக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

விண்ணப்பம் போட்டாயிற்று என்றால் வேலை முடியவில்லை. என்.எஸ்.பி.யில் முதலில் காலேஜ் சரிபார்க்க வேண்டும், அங்கே பொறுப்பு அதிகாரி ஒருவர் இருப்பார், அவர் ஓகே செய்யாவிட்டால் மேலே போகாது. யார் அந்தச் சார் அல்லது மேடம் என்று கேட்டு வைத்துக்கொண்டு, ஒரிஜினல்களோடு நேரில் போய்ப் பாருங்கள். வாரம் ஒரு தடவை ஸ்டேட்டஸ் பாருங்கள். குறை இருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருந்தால், திருத்தக் கொடுக்கும் நாட்கள் குறைவு. மாநில அரசு உதவித்தொகை நின்றுபோனால் காலேஜ் ஆபீசில் முதலில் கேளுங்கள், பிறகு ராஜாஜி சாலையில் கலெக்டர் ஆபீசில் அந்தந்த நலத்துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், கொடுத்த கடிதத்தின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் முதல்வரின் உதவி மைய எண் 1100-ல் புகார் பதியலாம்.

ரினியூவல் தானாக நடக்காது. அந்த 12,000 ரூபாய்த் திட்டத்துக்கு ஒவ்வொரு வருடமும் 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும், விண்ணப்பத்தையும் மறுபடி போட வேண்டும். வருமானச் சான்றிதழையும் புதிதாகக் கேட்பார்கள், இரண்டாம் வருடம் தொடங்குவதற்கு முந்தின லீவிலேயே அதற்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.